நாற்பத்தொரு பக்கம்

கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் கல்லூரிக்கு வந்து முப்பது வருஷத்தில் விஜயலட்சுமியை யாரும் கெட்டவள் என்று சொன்னதில்லை. கணிதத் துறைத் தலைவி. சொந்த ஊர் களமருதூர், நெல் விளையும் குடும்பம். ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பாள். பரீட்சைக்குக் காய்ச்சலோடு வந்த பெண்ணைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். நல்ல மனுஷி என்று கேண்டீன்காரர் வரைக்கும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி லேபிளிங். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் வரைந்துகொண்டு, ஒரு விதிப்படி அவற்றுக்கு எண் போடுவது. விதியைக் கொஞ்சம் மாற்றினால் ஒரு கட்டுரை. வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் இன்னொன்று. அப்படி அறுபத்து மூன்று கட்டுரைகள் போட்டிருந்தாள். அவற்றை எழுதுகிறவர்களே அவற்றைப் படிக்கிறவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். பதினான்கு பேருக்கு அதே வழியில் டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தும் இருந்தாள். ஆனவரைக்கும் நல்லது என்று விட்டுவிட்டாள்.

ஷாலினி பதினைந்தாவதாக வந்தவள். மணலூர்பேட்டைப் பக்கத்துக் காலனியில் வீடு. அப்பா இல்லை. அம்மா செல்லியம்மாள் கரும்பு வெட்டப் போவாள், நடவுக்குப் போவாள். எம்.எஸ்சி. முடித்ததும் விஜயலட்சுமியே கூப்பிட்டுத் தன்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டாள். தான் கட்டிய புடவைகளில் நல்லதாக நாலைந்தைக் கொடுத்தாள். தன் அப்பாவின் வயலில் நடவு நட்டவர்களைப் போன்ற ஒரு குடும்பத்துப் பெண் தன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சில சமயம் தோன்றும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதே தன் பெருந்தன்மை என்று நினைத்தாள்.

முதல் வருஷம் ஷாலினி சொன்ன வேலையைச் செய்தாள். இரண்டாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள் ஒரு வரைபடத்தோடு வந்தாள். கல்வராயன் மலையின் ஊர்களைப் புள்ளிகளாகப் போட்டிருந்தாள். கரியாலூர், வெள்ளிமலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். இடையில் போடக்கூடிய பாதைகளெல்லாம் கோடுகள்.

எல்லா ஊரையும் இணைக்க வேண்டும், ஒரு பாதைகூட வீணாகக் கூடாது, அப்படி எத்தனை திட்டம் போடலாம் என்று கேட்டாள். எண்ணி மாளாது என்று அவளே சொன்னாள். அத்தனை திட்டங்களிலிருந்து ஒன்றை, எதற்கும் பாரபட்சம் இல்லாமல், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல எடுக்க வேண்டும். ஆனால் எல்லாத் திட்டத்தையும் சீட்டில் எழுதிப்போட உலகத்தில் காகிதம் கிடையாது. அதற்கு ஒரு வழி உண்டு. கையில் கிடைத்த ஏதோ ஒரு திட்டத்தை எடுத்துக்கொள். ஒரு பாதையைத் தூக்கிவிடு. மலை இரண்டாகப் பிரியும். பிரிந்ததை மறுபடி சேர்க்கக்கூடிய பாதைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடு. இதையே திரும்பத் திரும்பச் செய். இதற்கு நடை என்று பெயர். கொஞ்ச நேரத்தில், எங்கிருந்து கிளம்பினோம் என்பதே மறந்து, கையில் இருப்பது நியாயமான குலுக்கலாகிவிடும்.

"இது வரைக்கும் பழசு மேடம். எல்லாருக்கும் தெரியும்," என்றாள் ஷாலினி. "தார் ரோடு இத்தன, மண் ரோடு இத்தனனு கணக்கு வெச்சிட்டா அப்புறம் இன்னா ஆவும்? அந்த நட எங்கனா ஒரு மூலையில மாட்டிக்கினு நின்னுடுமா, நிக்காதா? அதத்தான் பாக்கறேன்."

மாட்டிக்கொள்ளாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது, எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும் ஒரு பெரிய வகைக்கு. அதை நிரூபிக்க அவள் போன வழியில்தான் விஜயலட்சுமிக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு எழுத்து. ஒரு திட்டத்தில் உள்ள எழுத்துகளையெல்லாம் பெருக்கு. எல்லாத் திட்டங்களையும் கூட்டு. ஒரு பெரிய பல்லுறுப்புக்கோவை வரும். அதற்கு லாகரிதம் எடுத்துப் பார்த்தால் அது ஒரே உச்சி உள்ள குன்றுபோல இருக்க வேண்டும். இரண்டு உச்சி இருந்தால் நடை ஒன்றில் ஏறிக்கொண்டு மற்றதற்குப் போகாமல் நின்றுவிடும். ஒரே உச்சிதான் என்று காட்ட, இயற்கணித வடிவியலில் ஒன்றையொன்று வெட்டும் பரப்புகளுக்காக யாரோ எழுதி வைத்த ஓர் அசமன்பாட்டைக் கொண்டுவந்து பொருத்தப் பார்த்தாள். பாதைக்கும் பரப்புக்கும் இன்னா சம்பந்தம் என்று விஜயலட்சுமி கேட்டாள். "அதான் மேடம் அதிசயம்," என்றாள் அந்தப் பெண். இதையெல்லாம் எங்கே படித்தாள் என்று கேட்டதற்கு, போனில் வரும் பாடங்களைப் பஸ்ஸில் போகும்போது பார்ப்பதாகச் சொன்னாள். மணலூர்பேட்டையிலிருந்து வந்துபோக தினம் மூன்று மணி நேரம் அவளுக்குப் பஸ்ஸில்தான் போனது.

தை மாசம் நாற்பத்தொரு பக்கம் எழுதி, பைண்டிங் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு படிவம். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வாரக் கோடை வகுப்பு. அங்கே இந்தத் துறை ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேட்டிருந்தாள், அவரும் வரச்சொல்லிப் பதில் போட்டிருந்தார். நெறியாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

விஜயலட்சுமி முதல் ஆறு பக்கம் படித்தாள். ஆறாம் பக்கத்தில் ஒரு சொல் வந்தது. அதன் பொருளைத் தேடினால் அதற்குள் இன்னும் நாலு சொல். புத்தகத்தை மூடிவைத்தாள். ஐம்பது வயதில், கணிதத்தில், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண் சென்னைக்குப் போய் அங்கே நாலு பெரிய மனுஷர்கள் "உங்க கைடு யாரு, அவங்க இதுல இன்னா பண்ணிக்கினு இருக்காங்க" என்று கேட்பதை நினைத்தபோது, முகம் சூடாகியது. மேல் அட்டைக்குள் சிவப்பு மையில் 'தலைப்புக்குத் தேவையில்லை' என்று எழுதினாள். மாணவிக்கு அதைக் காட்டவில்லை. படிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஷாலினி வாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்டாள். படிச்சிக்கினு இருக்கேம்மா என்றாள் விஜயலட்சுமி. முதல்ல லேபிளிங்ல ரெண்டு பேப்பர் போடு, பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் சந்திரனுக்கே போ என்று சிரித்தாள். படிவத்தின் கடைசித் தேதி அந்தச் சிரிப்பிலேயே கடந்துபோயிற்று.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது. வருஷ முன்னேற்ற அறிக்கை வந்தது. மாணவி பதிவுசெய்த தலைப்பில் வேலை செய்யவில்லை, முன்னேற்றம் திருப்தியில்லை என்று எழுதினாள். பயமுறுத்தி வழிக்குக் கொண்டுவரலாம் என்றுதான் எழுதினாள், அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கமிட்டியில் மற்ற இரண்டு பேரும் நெறியாளர் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். உதவித்தொகை நின்றது. அடுத்த அறிக்கையையும் மாற்றாமல் அப்படியே எழுதினாள், பதிவு ரத்தானது. ஷாலினி அறைக்கு வந்து நின்றபோது விஜயலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எவ்ளோ சொல்லியும் கமிட்டி கேக்கலம்மா," என்றாள். அந்தப் பெண் அழவில்லை. காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து வருஷம் போனது. ஷாலினி பி.எட். முடித்துக் கரியாலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருப்பதாகச் செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டாள் என்று விஜயலட்சுமி சந்தோஷப்பட்டாள்.

பிறகு ஒரு கார்த்திகையில் சென்னைக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனாள். போனதற்குச் சான்றிதழ் கிடைக்கும், அதற்காகத்தான் போனது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் பேசினார். அரைத் தூக்கத்தில் இருந்த விஜயலட்சுமி திரையைப் பார்த்தாள். புள்ளிகள், கோடுகள், கோடுகளுக்கு இரண்டு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் அளவு. ஒரு பாதையைத் தூக்கு, இன்னொன்றைப் போடு. அடுத்த படத்தில் பல்லுறுப்புக்கோவை. அதற்கடுத்து ஒரே உச்சி உள்ள குன்று. எண்ணும் கணிதமான சேர்வியலுக்கும் மாதிரி எடுக்கும் முறைகளுக்கும் வடிவியலுக்கும் நடுவே புதுப் பாலம் என்று தலைமை வகித்தவர் புகழ்ந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். விஜயலட்சுமியும் தட்டினாள்.

மறுநாள் காலை துறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த பைண்டிங்கை எடுத்தாள். முதல் பக்கத்தில் தேதி இருந்தது. அந்த இளைஞரின் கட்டுரை வெளிவந்ததற்கு மூன்று வருஷம் முந்திய தேதி. இந்தத் தடவை படித்தாள். தினம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தெரியாத சொல்லுக்கெல்லாம் புத்தகம் தேடி, பன்னிரண்டு நாள் படித்தாள். பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதியே போதுமாக இருந்தது. இருபத்தாறாம் பக்கத்தில் வடிவியல் அசமன்பாடு வந்து பாதைகளின்மேல் உட்காருகிற இடத்தைப் படித்தபோது, தன் அறுபத்து மூன்று கட்டுரைகளில் ஒன்றுகூடத் தனக்கு இப்படி ஒரு நிமிஷத்தைத் தந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே கச்சிராயபாளையம் வழியாக மலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். அருவிக்குப் போகும் வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு முந்திப் போயின. அந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்யப் போகிறோம் என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டாள். அந்த இளைஞருக்கு இருவர் பெயரும் போட்டு ஒரு கடிதம், கூடவே இந்த நாற்பத்தொரு பக்கம். நெறியாளர் என்ற முறையில் தன் பெயர் வருவது இயல்புதானே என்றும் ஒரு வளைவில் தோன்றியது. அந்த எண்ணத்தை அவள் தள்ளிவிடவில்லை.

கரியாலூரில் தாயும் மகளும் குடியிருந்தது மரவள்ளித் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. செல்லியம்மாள்தான் முதலில் பார்த்தாள். ஓடிவந்து முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை.

"நீங்க இல்லனா என் பொண்ணு ஏதும்மா? கரும்புக் காட்டுக்குத்தான் வந்திருக்கும்," என்றாள். "உங்க போட்டோ ஒண்ணு குடுங்கம்மா, வூட்ல மாட்டி வெக்கறேன்."

ஷாலினி பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எழுந்து வணக்கம் சொன்னாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். விஜயலட்சுமி பைண்டிங்கை எடுத்து மேஜைமேல் வைத்ததும் அதைப் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

சென்னையில் கேட்டதை விஜயலட்சுமி சொன்னாள். ஷாலினிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தக் கட்டுரை வந்த வாரமே போனில் பார்த்ததாகச் சொன்னாள். முழுக்கப் படித்தாளாம்.

"அவங்க முறை நல்லா இருக்கு மேடம். என்னோடதவிட சுருக்கம். எனக்குப் பத்துப் பக்கம் எடுத்தத அவங்க ரெண்டுல முடிச்சிட்டாங்க."

"ஆனா மொதல்ல பண்ணது நீ."

"மொதல்ல பண்ணா இன்னா மேடம். யாருக்கும் தெரியாம பண்ணா பண்ணாத மாதிரிதான்."

விஜயலட்சுமி கடித விஷயத்தைச் சொன்னாள். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம் என்றாள். ரெண்டு பேர்னா யாரு என்று ஷாலினி கேட்டாள். நெசமாகவே புரியாமல் கேட்டதுபோல இருந்தது.

"அன்னிக்கு இத முழுசா படிச்சீங்களா மேடம்?" என்று ஷாலினி கேட்டாள். "பல நாள் கேக்கணும்னு இருந்தேன். தப்பா இருந்தா தப்புனு சொல்லியிருப்பீங்க. ஒண்ணுமே சொல்லல. அதனால எங்கியோ ஓட்டை இருக்கு, என் மனசு நோவக்கூடாதுனு மேடம் சொல்லலனு நெனச்சிக்கினேன். ரெண்டு வருஷம் அந்த ஓட்டையத் தேடினேன். அவங்க பேப்பர் வந்தப்புறம்தான் ஓட்டையே இல்லனு தெரிஞ்சது."

விஜயலட்சுமி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். படிக்கவில்லை என்றாள். ஆறு பக்கம் வரைக்கும்தான் என்றாள்.

ஷாலினி தலையை ஆட்டினாள். அதைத் தாங்கிக்கொண்டாள் என்றே தோன்றியது. உங்களுக்கு வேலை ஜாஸ்தி மேடம் என்றுகூடச் சொன்னாள். கமிட்டிக்கு எதிராக அன்றைக்குத் தனக்காகப் பேசியவர் மேடம் ஒருவர்தான் என்றும், அதை நினைத்துத்தான் படிப்பையே வெறுக்காமல் பி.எட். சேர்ந்ததாகவும் சொன்னாள். வாசலில் நின்ற செல்லியம்மாள் ஆமாம் ஆமாம் என்றாள்.

அந்த ஆமாம்தான் விஜயலட்சுமியை உடைத்தது. கிளம்புகிறேன் என்று எழுந்து, கார் வரைக்கும் வந்த ஷாலினியிடம், அம்மா காதில் விழாத தூரத்தில் சொன்னாள்.

"அந்த அறிக்கைய எழுதினது கமிட்டி இல்லம்மா. நான்தான். ரெண்டையும்."

சொன்னதும் மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது. ஆறு வருஷமாக இருந்த கல். அந்த லேசான உணர்வோடு அவள் நிமிர்ந்து பார்த்தபோதுதான், கல் எங்கே போய் இறங்கியது என்று தெரிந்தது. ஷாலினியின் முகத்தில் கோபம் இல்லை. கை மட்டும் கார்க் கதவை இறுகப் பிடித்திருந்தது.

"எதுக்கு மேடம் இத இப்ப சொன்னீங்க?" என்றாள். "எங்கிட்ட அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

மன்னிச்சிடும்மா என்றாள் விஜயலட்சுமி. ஷாலினி கதவிலிருந்து கையை எடுத்தாள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், அம்மா தாங்காது என்றாள். பிறகு உள்ளே போய் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். திறந்த வாசல் வழியே தெரிந்தது.

விஜயலட்சுமி கடிதத்தை எழுதினாள். ஷாலினி பெயரை மட்டும் போட்டு, நாற்பத்தொரு பக்கத்தையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினாள். அந்த வெளிநாட்டு இளைஞர் நாகரிகமானவர். நாலே நாளில் பதில் வந்தது. வியப்பாக இருக்கிறது என்றும், இந்த ஆசிரியரோடு பேச விரும்புவதாகவும் எழுதியிருந்தார். கட்டுரையின் அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாக ஒன்றரை வரி சேர்த்தார்: இதையொத்த முடிவுக்கு முன்பே தனியாக வந்தவர், எஸ். ஷாலினி, கள்ளக்குறிச்சி, வெளியிடப்படாத கையெழுத்துப் பிரதி. ஷாலினிக்கும் அவர் எழுதினாராம். அவள் நன்றி என்று ஒரே சொல்லில் பதில் போட்டாளாம். தொடர்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று அவர் பின்னொரு நாள் விஜயலட்சுமியிடமே வருத்தப்பட்டார்.

அந்த ஒன்றரை வரி எப்படியோ முதல்வர் காதுக்குப் போனது. கல்லூரிப் பெயர் உலகம் முழுக்கப் போயிற்று என்றார். ஒரு வெள்ளிக்கிழமை விழா வைத்தார்கள். வாசலில் இருபதடி ஃபிளக்ஸ். நடுவில் விஜயலட்சுமியின் படம், ஆளுயரம், 'உலக கணித மேதையை உருவாக்கிய பேராசிரியைக்குப் பாராட்டு' என்று. வலது மூலையில் ஷாலினியின் படம், தபால்தலை அளவுக்கு. உதவித்தொகைப் படிவத்திலிருந்து எடுத்தது. அதில் அவள் கட்டியிருந்தது விஜயலட்சுமி கொடுத்த புடவை.

ஷாலினியை அழைத்திருந்தார்கள். பள்ளியில் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் விஜயலட்சுமி மேடை ஏறினாள். தாளில் எழுதியும் வைத்திருந்தாள். முதல்வர் பொன்னாடை போர்த்தினார். ஐந்நூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். மைக் முன்னால் நின்று, "அந்தப் பொண்ணுக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். அடக்கத்தில் மேடம் பேச முடியாமல் நிற்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஓய்ந்தபின், "எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லிவிட்டு, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.